பதினாலாம் வரிசையில் மிச்சம் பிடித்தது

சுதர்சன் இரண்டு தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். இங்கே ஒக்லாந்தில் தமிழ்ப் பொறியியல்காரர் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு வட்டம் நடத்துகிறோம். அவர் தொகுக்கிற அதன் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை தரவேண்டுமாம். "அண்ணை, எல்ஈடி வந்த காலத்தில எத்தினை கட்டடத்துக்கு லைட் மாத்தினீங்கள், மொத்தமா எவ்வளவு டொலர் மிச்சம் பிடிச்சுக் குடுத்தீங்கள் எண்டு ஒரு தொகை வந்தாக் காணும். இளம் பிள்ளையளுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். தொகை தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். உற்சாகத்துக்கு நான் பொறுப்பில்லை.

யாழ்ப்பாணத்தில் வயரிங் படித்தது, கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தது, இங்கே வந்து மறுபடி பரீட்சை எழுதி எலெக்ட்ரீசியன் லைசென்ஸ் எடுத்தது எல்லாவற்றையும் இந்த ஒரு வரியோடு முடித்துவிடுகிறேன். அதில் மற்றவர்கள் படாத பாடு எதையும் நான் படவில்லை. பதினைந்து வருடம் ஏணியில் ஏறி அண்ணாந்து பார்த்து டியூப் மாற்றியதில் கழுத்தும் முழங்காலும் போயின. இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கத்தில், கட்டடங்களுக்கு எல்ஈடி மாற்றிக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனியில் கணக்குப் போடுகிற ஆளாகச் சேர்ந்தேன். இனி ஏணி ஏறத் தேவையில்லை என்று மனைவி கோயிலில் அர்ச்சனை செய்தாள்.

கணக்கு என்றால் இதுதான். முதலில் கட்டடம் முழுக்க நடந்து, எத்தனை விளக்கு, ஒவ்வொன்றும் எத்தனை வாட்ஸ், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்று எழுதவேண்டும். காவலாளி "எட்டு மணி நேரம்" என்பார். போய்ப் பார்த்தால் கழிவறை லைட் போன நத்தார்ப் பண்டிகையில் இருந்து அணைந்திருக்காது. பிறகு இடுப்பு உயரத்தில் வெளிச்ச மீட்டரைப் பிடித்து, இரண்டு மீட்டருக்கு ஒரு தரம் நின்று அளக்கவேண்டும். இவ்வளவையும் மின்கட்டணச் சிட்டையோடு ஒப்பிட்டு, இப்போது என்ன செலவு, எல்ஈடி போட்டால் என்ன செலவு, போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்று ஒரு தாளில் இறக்கவேண்டும். வாடிக்கையாளர் அந்தக் கடைசி வரியை மட்டும்தான் படிப்பார். மேலே நான் நடந்த நடையெல்லாம் அவருக்கு எதற்கு?

எங்கள் மேலாளர் குணாளன் மலேசியாக்காரர், ஈப்போவில் பிறந்தவர். சட்டைக் கையை இரண்டே மடிப்பு மடித்துவிட்டு, மேசையில் ஒரு பென்சில், ஒரு அழிரப்பர் தவிர வேறெதுவும் வைத்திருக்கமாட்டார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. தாளைக் கொண்டுபோய் வைத்தால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டு வருவார். பிடிக்காத எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். பிழை என்று சொல்லமாட்டார், மாற்று என்றும் சொல்லமாட்டார். தாளை ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "இதுக்கு ஒரு வழி இருக்கும் பாலா. நிதானமா பாருங்க" என்பார். நான் போய் நிதானமாகப் பார்த்து, எண்ணைச் சிறிதாக்கிக்கொண்டு வருவேன். திருப்தி என்றால் ரப்பரை எடுத்து அந்தப் புள்ளியைச் சுத்தமாக அழிப்பார். பாராட்டு அவ்வளவுதான். ஆனாலும் அந்த ரப்பர் அசையும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலைகளும் செய்தோம். நகர நடுவில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் பழைய டியூப்கள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துடித்துக்கொண்டிருந்தன. மாற்றி மூன்றாம் வாரம், வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பிடித்து, பத்து வருடமாக இருந்த பின்னேரத் தலையிடி நின்றுவிட்டது என்று கையைக் குலுக்கினாள். மின்கட்டணமும் பாதிக்குக் கீழே இறங்கியது. சுதர்சனுக்குத் தேவையான கட்டுரை இதுவாக இருக்கும். அவர் குறை நினைக்கக்கூடாது, நான் எழுத வந்தது இதையல்ல.

ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பெரிய பண்டகசாலை. வெளிநாட்டிலிருந்து வரும் வீட்டுச் சாமான்களை அடுக்கி வைத்துக் கடைகளுக்கு அனுப்புகிற இடம். கூரைவரை இரும்புத் தட்டுகள், அவற்றுக்கு இடையில் இருபத்திரண்டு வரிசைகள், ஜன்னல் என்று ஒன்றும் இல்லை. மேலே பழைய பெரிய மெட்டல் ஹாலைட் விளக்குகள். அவற்றை ஒருமுறை அணைத்தால் மறுபடி முழு வெளிச்சம் வரப் பல நிமிடம் செல்லும். அதனால் ஒருவரும் அணைப்பதில்லை, ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுக்க எரியும். எல்ஈடி அப்படியில்லை, தட்டின உடன் வரும். ஆகவே வரிசையின் இரண்டு முனையிலும் அசைவு பார்க்கும் சென்சரைப் பூட்டி, ஆள் வந்தால் எரிய, போனால் அணையச் செய்யலாம். வாட்ஸில் ஒரு மிச்சம், நேரத்தில் இன்னொரு மிச்சம். எங்கள் தொழிலுக்கு அது ஒரு அல்வாத் துண்டு.

அங்கேதான் பெனடிக்ற்றைச் சந்தித்தேன். பதினாலாம் வரிசையில் மீட்டரோடு நின்றபோது மேலேயிருந்து, "முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது" என்று தமிழில் ஒரு குரல் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். சக்கரம் வைத்த படிமேடையின் உச்சியில், என் வயதுக்காரர் ஒருவர், கையில் ஸ்கேனர், பெட்டிகளை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"தமிழோ?" என்றேன்.

"பொறுங்கோ, நாப்பத்திநாலு வரைக்கும் போட்டு வாறன்" என்றார்.

முடித்துவிட்டுத்தான் இறங்கினார். மன்னார்க்காரர், இங்கே வந்து ஏழு வருடம், தகனினியில் வீடு, மனைவி ரீற்றா, ஒரே மகள். இருப்பெண்ணுவதுதான் வேலை. கணினியில் இருக்கிற எண்ணும் தட்டில் இருக்கிற எண்ணும் சரியா என்று வரிசை வரிசையாகப் பார்க்கவேண்டும். "இங்கிலீசில எண்ணினா எனக்குப் பிழைக்குது அண்ணை. மிஷினுக்கு இங்கிலீஸ், எனக்குத் தமிழ்" என்று சிரித்தார். ஸ்மோகோ என்று இங்கே சொல்லும் தேநீர் இடைவேளையில் தன் பிட்டில் பாதியை எனக்குத் தந்தார். மாசிச் சம்பல் நாக்கை எரித்தது. சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆளில்லை. ஞாயிறு பூசையில் பாடுவாராம், மற்ற நாளெல்லாம் எண்ணிக்கையும் வாயுமாகத்தான் இருப்பார்.

வரிசைகளில் ஆட்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று தெரியவேண்டியிருந்தது. அதற்கு நெருப்புப்பெட்டி அளவில் ஒரு பதிவுப்பெட்டி உண்டு. தட்டின் காலில் ஒட்டிவிட்டால், அசைவு தெரிகிறபோதெல்லாம் நேரத்தைக் குறித்து ஒரு புள்ளி வைக்கும். இரண்டு கிழமைக்கு இருபத்திரண்டு வரிசையிலும் ஒட்டினேன். பெனடிக்ற் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"இது என்ன செய்யும்?"

"ஆள் வந்தா எழுதி வைக்கும்."

"என்னையும் எழுதுமோ?"

"ஓம், எழுதாமல் என்ன?" என்றேன்.

இரண்டு கிழமை கழித்துப் பெட்டிகளைக் கழற்றிக் கணினியில் போட்டுப் பார்த்தேன். சாமான் தூக்குகிற போர்க்லிஃப்ட் வண்டி வருவதும் போவதும் தெளிவாக விழுந்திருந்தது. கூட்டமான புள்ளிகள், அரை நிமிடம், முக்கால் நிமிடம், பிறகு வெறுமை. இடையிடையே தனித்தனியாகவும் சில புள்ளிகள் இருந்தன. பலகைத் தட்டில் அடுக்கின பெட்டிகளைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை காற்றுக்கு ஆடினாலும் பதிவுப்பெட்டி ஒரு புள்ளி வைக்கும். அதனால் தனிப்புள்ளிகளை நீக்கிவிடுவது எங்கள் வழக்கம். நானும் நீக்கினேன். மிஞ்சியதைச் சராசரி பார்த்தால், ஒரு வரிசையில் ஆள் நிற்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று வந்தது.

முதல் தாளில் நான் போட்டது இப்படி: கடைசி அசைவுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் எரியட்டும். அதற்குப் பிறகும் முற்றாக அணையாமல் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் இருக்கட்டும். அந்தக் கணக்குக்குப் போட்ட காசு திரும்ப இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகும். பண்டகசாலைக்காரரின் தலைமை அலுவலகத்தில் ஒரு சட்டம் இருந்தது: இரண்டு வருடத்துக்குள் திரும்பாத எதற்கும் காசு இல்லை. குணாளன் கடைசி வரிக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தார். தாளைத் தள்ளினார்.

பதினைந்தை ஐந்தாக்கினேன். புள்ளி அப்படியே இருந்தது. ஆள் நிற்பதே ஒரு நிமிடத்துக்குக் குறைவு என்று பெட்டி சொல்கிறதே, பிறகு எதற்கு ஐந்து? ஒரு நிமிடமாக்கினேன். ஆளில்லாத இடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் எதற்கு? முற்றாக அணையட்டும் என்று போட்டேன். ஒரு வருடமும் பதினொரு மாதமும் வந்தது. குணாளன் ரப்பரை எடுத்து அழித்தார். ஒரு நிமிடம் என்று அவர் வாயால் வரவில்லை. இதை எழுதும்போது அவர்மேல் பழியைத் தூக்கிப் போட எனக்குக் கை பரபரக்கிறது. ஆனால் அந்த எண்ணைத் தட்டியது என் விரல்.

டிசம்பரில் வேலை முடிந்தது. வெளிச்சம் என்றால் வெளிச்சம். பழைய மஞ்சள் மங்கல் போய், பெட்டியில் இருக்கிற பொடி எழுத்தும் தெரிந்தது. எல்லாரும் மெச்சினார்கள். ஜனவரியில் ஒரு சின்னப் பழுது பார்க்கப் போனபோது பெனடிக்ற் என்னைப் பதினாலாம் வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பாலண்ணை, லைட் திறம். ஆனா ஒரு கரைச்சல். நான் நிண்டு எண்ணுறவன் எல்லோ? எண்ணிக்கொண்டு நிக்கேக்க பொக்கெண்டு அணைஞ்சு போகுது. இப்பிடிக் கையை ஆட்டினால்தான் வருது" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக் காட்டினார். "பெடியள் என்னை டான்ஸ் மாஸ்டர் எண்டு கூப்பிடுறாங்கள்."

அவர் ஆட்டிக் காட்டின விதத்துக்கு நானும் சிரித்துவிட்டேன். "கொஞ்ச நாளில பழகிடும்" என்றேன்.

"மேல நிக்கேக்கதான் கொஞ்சம் கஷ்டம். அந்தச் சென்சர்க் கண்ணுக்கு நான் தெரியிறேல்லை, தட்டு மறைக்குது. வெளிய எட்டித்தான் ஆட்டவேணும்" என்றார்.

என் காற்சட்டைப் பையில் சென்சரை மாற்றுகிற ரிமோட் இருந்தது. கீழே நின்று நீட்டி இரண்டு பொத்தான் அழுத்தினால் ஒரு நிமிடம் பதினைந்து நிமிடமாகிவிடும். பத்து விநாடி வேலை. நான் அழுத்தவில்லை. முதல் மூன்று மாதம் மீட்டர் வைத்து, சொன்ன மிச்சம் உண்மையாகவே வருகிறதா என்று வாடிக்கையாளருக்கு அறிக்கை கொடுக்கவேண்டியிருந்தது. நடுவில் எதையாவது மாற்றினால் கணக்குக் குழம்பும். குணாளனிடம் போய்ச் சொன்னேன். "அறிக்கை போகட்டும் பாலா, அப்புறம் பார்த்துக்கலாம் லா" என்றார். மார்ச் முடிவில் அறிக்கை போனது. சொன்னதற்கு மேலேயே மிச்சம் வந்திருந்தது, கேக் வெட்டினோம். அப்புறம் வேறு கட்டடங்கள் வந்தன. பதினாலாம் வரிசை என் நினைவிலிருந்து போய்விட்டது. மறந்தேன் என்பதைத் தவிர அதற்கு வேறு சாட்டு என்னிடம் இல்லை.

ஜூலையில் ஒரு காலை, பெனடிக்ற் படிமேடையின் உச்சியிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். கண் திறக்கவில்லை. ஆறாம் நாள் போய்விட்டார்.

விழுந்த அன்றே எனக்குச் செய்தி வந்தது, அலுவலகத்தில். விழுந்தவர் யார் என்று கேட்கமுதலே எந்த வரிசை என்று கேட்டேன். சொன்னார்கள். கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். நான் அசையாமல் இருந்ததால் அங்கேயும் லைட் அணைந்தது, அதையும் நான்தான் அமைத்திருந்தேன். கையைத் தூக்க மனம் வரவில்லை.

மரணவீட்டில் ரீற்றா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, அவர் அங்க விளையாடிக்கொண்டு நிண்டவராம் எண்டு கதைக்கினம். கமராவில இருக்காம். அவர் விளையாடுற ஆளோ? நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

"இல்லை" என்றேன். மகள் அனிற்றாவுக்கு அப்போது பதினாறு. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலைத்தலப் பாதுகாப்பைப் பார்க்கிற அரசாங்க இன்ஸ்பெக்டர் ஒரு அமைதியான பெண். பண்டகசாலையின் கூட்ட அறையில் என்னையும் குணாளனையும் இருத்திவைத்து விசாரித்தார். விளக்கெல்லாம் அமைத்தபடி வேலை செய்தனவா என்று கேட்டார். செய்தன என்றேன். ஏதாவது பழுது இருந்ததா? இல்லை. இரண்டும் உண்மை. பிறகு மடிக்கணினியைத் திருப்பிக் கமராப் படத்தைக் காட்டினார்.

அந்தக் கமரா வெளிச்சம் குறைந்தால் தானாகவே கறுப்பு வெள்ளைக்கு மாறும் வகை. அதனால் படத்தில் இருட்டே தெரியவில்லை, எல்லாம் ஒரே சாம்பல். அவர் காட்டிய துண்டு, லைட் அணைந்ததற்குப் பிறகுதான் தொடங்கியது. மேடையின் உச்சியில் ஒரு மனிதர் நிற்கிறார். ஒரு கையை ஆட்டுகிறார். பிறகு கம்பிக்கு வெளியே நன்றாகச் சாய்ந்து இரண்டு கையையும் ஆட்டுகிறார். அவ்வளவுதான். ஒன்றும் தெரியாமல் பார்த்தால், யார் பார்த்தாலும் கூத்தாடுகிறார் என்றுதான் சொல்வார்கள். கூட வேலை செய்த பெடியன்களையும் இன்ஸ்பெக்டர் விசாரித்திருந்தார். பெனடிக்ற் எப்போதும் அப்படித்தான், எங்கள் டான்ஸ் மாஸ்டர் என்று அழுதுகொண்டு சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் போர்க்லிஃப்ட்டில் போகிறவர்கள், ஓயாமல் அசைகிறவர்கள். அவர்கள் நுழைகிற வரிசையெல்லாம் வெளிச்சமாகிவிடும். அவர் நின்ற இருட்டை அவர்கள் ஒரு நாளும் கண்டதில்லை.

இந்த மனிதர் என்ன செய்கிறார் என்று உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். குணாளன் மேசையில் கையை மடித்துவைத்துக்கொண்டு இருந்தார். என் பக்கம் திரும்பவேயில்லை.

"தெரியாது" என்றேன்.

ஏன் சொன்னேன்? பயம். லின்ஃபீல்டில் நான் வாங்கிய வீட்டுக்கு இன்னும் ஒன்பது வருட மோர்ட்கேஜ் கடன் இருந்தது. லைசென்ஸ் போகும், கோர்ட்டுக்கு இழுப்பார்கள், பேப்பரில் பெயர் வரும் என்றெல்லாம் ஒரு கணத்தில் மண்டைக்குள் ஓடியது. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் உடைந்திருப்பேன். அவர் நன்றி சொல்லி மடிக்கணினியை மூடிவிட்டார்.

அறிக்கையில், உயரத்தில் நின்று பாதுகாப்பு முறைக்கு மாறாக நடந்துகொண்டது விபத்துக்குக் காரணம் என்று எழுதினார்கள். இந்த நாட்டில் விபத்துக்கு யார் பிழை என்று பாராமல் குடும்பத்துக்கு உதவிப்பணம் வரும். ரீற்றாவுக்கும் வந்தது. போனது அவருடைய பெயர். அறிக்கை வந்து மூன்றாம் கிழமை அந்தப் பண்டகசாலையின் சாப்பாட்டு அறையில் ஒரு அறிவித்தல் தொங்கியது, மேடையில் ஒருவன் ஆடுகிற மாதிரி ஒரு படமும், உயரத்தில் விளையாடாதீர்கள் என்ற எழுத்தும். பெயர் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. சத்தம் போட்டுக்கூடச் சிரிக்காத, எண்ணுகிறபோது பேச்சுக்குக்கூடத் திரும்பாத ஒரு மனிதரைக் கோமாளியாக்கி அந்தச் சுவரில் ஒட்டிவைத்தார்கள். ஒட்டுவதற்குப் பசை குழைத்துக் கொடுத்தவன் நான்.

அன்றைக்குத்தான் ரிமோட்டைக் கொண்டுபோய் இருபத்திரண்டு வரிசையையும் பதினைந்து நிமிடமாக்கினேன். ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தையும் திரும்பப் போட்டேன். எல்லாம் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குணாளனிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பென்சிலை எடுக்கவில்லை.

பிறகு பழைய பதிவுகளைத் திறந்தேன். நீக்குவதற்கு முன்னிருந்த அசல் கோப்பு கணினியில் கிடந்தது. பதினாலாம் வரிசையை மட்டும் எடுத்துப் பார்த்தேன். நான் காற்று என்று கழித்த தனிப்புள்ளிகள் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக, ஒழுங்காக, காலை ஆறரையிலிருந்து ஸ்மோகோ வரை விழுந்திருந்தன. ஸ்மோகோ நேரத்தில் ஒன்றும் இல்லை. அது முடிந்த பிறகு மறுபடி தொடங்கின. காற்று தேநீர் குடிக்கப் போகுமா? ஒரு தட்டை எண்ணி முடித்து மேடையை அடுத்த தட்டுக்குத் தள்ளுகிறபோது ஒரு புள்ளி, எண்ணுகிற நேரமெல்லாம் வெறுமை. அசைவை மட்டும் பார்க்கிற பெட்டிக்கு நின்று வேலை செய்கிறவன் ஆளே இல்லை. என்னையும் எழுதுமோ என்று அவர் கேட்டிருந்தார். பெட்டி தன்னால் முடிந்த அளவுக்கு எழுதித்தான் இருந்தது. அழித்தது நான்.

அதற்குப் பிறகும் நாலரை வருடம் அதே மேசையில் வேலை செய்தேன். கட்டடம் கட்டடமாகப் போனேன். பெட்டி ஒட்டுகிற இடத்தில் நானும் ஒரு கதிரையைப் போட்டு ஒரு முழுநாள் இருந்து, நிற்கிறவர்களைக் கையால் எழுதினேன். நேரம் வீணாகிறது என்று இளம் ஆட்கள் முணுமுணுத்தார்கள். எத்தனையோ தாள்களில் புள்ளி விழுந்தது. நான் மாற்றாமல் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு வேலை கைவிட்டுப் போயிற்று. பெரிய வீரம் ஒன்றுமில்லை. சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாதவன் சொல்லத் தேவையில்லாத இடத்தில் முறைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஓய்வு பெறுகிற நாளில் குணாளன் எனக்கு ஒரு கண்ணாடிச் சட்டம் பரிசு தந்தார். நான் கணக்குப் போட்ட கட்டடங்களின் பட்டியல், பக்கத்தில் ஒவ்வொன்றும் மிச்சம் பிடித்த தொகை, கீழே மொத்தம். சுதர்சன் கேட்கிற தொகை அதுதான், பெரிய தொகை. ஏழாம் வரியில் அந்தப் பண்டகசாலையும் இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் அந்த ஏழாம் வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு மோட்டர்வேயில் தகனினிக்குப் போனேன். ரீற்றா பூசை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தார். அனிற்றா யூனிவர்சிட்டிக்குப் போகிற பிள்ளையாகிவிட்டாள். இருத்தித் தேத்தண்ணி தந்தார்கள். குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளியிலிருந்து ரிமோட்வரை, ரிமோட்டிலிருந்து "தெரியாது" வரை. ஒன்றையும் மெழுகவில்லை.

ரீற்றா எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். பிறகு, "அப்ப அவர் லைட்டுக்குத்தான் கையை ஆட்டினவர்" என்றார்.

"ஓம்."

"விளையாடேல்லை."

"இல்லை."

"இதை நீங்கள் அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணை. நான் நாலரை வருசமா அவரோட கோவிச்சுக்கொண்டிருந்தன். பிள்ளையையும் என்னையும் நினைக்காமல் உப்பிடி விளையாடினீரோ எண்டு படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தன்" என்றார். அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். அழுவதற்கு எனக்கு அங்கே உரிமையில்லை என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

அனிற்றா அழவில்லை. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த மேசையிலேயே எழுதிக் கொடுத்தேன். நான் எடுத்து வைத்திருந்த அசல் பதிவையும் சேர்த்து இன்ஸ்பெக்டரின் அலுவலகத்துக்கு அனுப்பினாள். விசாரணை முடிந்துவிட்டது, கடிதம் கோப்பில் சேர்க்கப்படும் என்று மூன்று வரியில் பதில் வந்தது. பண்டகசாலை கைமாறிவிட்டது, அறிவித்தலைக் கழற்றச் சொல்ல அங்கே இப்போது ஆளில்லை. குணாளனுக்கும் சொன்னேன். "நான் உங்களை அப்படிச் செய்யச் சொல்லலையே பாலா" என்றார். உண்மைதான், சொல்லவில்லை. ஆகவே இந்த மலரில் எழுதுகிறேன். பெனடிக்ற் விளையாடவில்லை. நின்று எண்ணிக்கொண்டிருந்தார், நான் லைட்டை அணைத்தேன், வெளிச்சம் கேட்டுக் கையை ஆட்டினார்.

இனித் தொகை. அதை அன்றைக்கு ரீற்றாவும் கேட்டார். நான் புறப்பட எழுந்து, வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"அண்ணை, பதினைஞ்சை ஒண்டாக்கி, லைட்டை அணைச்சதில எவ்வளவு மிச்சம் வந்தது?"

"இருபத்திரண்டு வரிசைக்கும்..." என்று தொடங்கினேன்.

"எல்லாம் வேண்டாம். அவர் நிண்ட வரிசைக்கு. அவர் விழுந்த நாள் வரைக்கும்."

அந்தக் கணக்கை நான் எப்போதோ போட்டு வைத்திருந்தேன், யாரும் கேட்காமலே. டிசம்பரிலிருந்து ஜூலை, ஏழு மாதம்.

"எண்பது டொலர் ஐம்பது சதம்" என்றேன்.

ரீற்றா கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதலாக, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காகவே சொன்ன மாதிரிச் சொன்னார்.

"அவரிட்டக் கேட்டிருந்தா, பொக்கெற்றுக்குள்ள இருந்து எடுத்துத் தந்திருப்பாரே அண்ணை."